ஓமப்பொடி அச்சுக்கு ஒரு முழம் வெளிச்சம்

செப்டம்பர் 9, திங்கள்

"மிஸ், ஃபேன் சில நேரம் பின்பக்கமா சுத்துற மாதிரி தெரியுதே, ஏன்?"

நான் டீச்சராக இருந்தபோது பத்தாம் வகுப்பில் மஹ்விஷ் கேட்ட கேள்வி. இன்று மதியம் ஹாலில் படுத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. டியூப்லைட் உண்மையில் விட்டுவிட்டுத்தான் எரிகிறது, நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை என்று சொன்னேன். வகுப்புக்குப் புரியவில்லை. பிறகு ராட்டினத்தைச் சொன்னேன். உன் தம்பி ராட்டினத்தில் சுற்றுகிறான். நீ கண்ணை மூடி மூடித் திறக்கிறாய். திறக்கும்போதெல்லாம் அவன் சரியாக உன் எதிரே வந்தால் ராட்டினம் நிற்கிறது என்றுதானே நினைப்பாய்? ஒவ்வொரு தடவையும் எதிரே வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இருந்தால் பின்னால் போகிறது என்று நினைப்பாய். வகுப்பு முழுக்கக் கண்ணை மூடி மூடித் திறந்தது. நல்ல நாள் அது.

தீபாவளிக்கு முன் ஓமப்பொடி அச்சை மாற்ற வேண்டும். பாதித் துளைகள் தேய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பித்தளை அச்சு செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறதாம்.

செப்டம்பர் 11, புதன்

கோபாலபுரம் வீட்டிலிருந்து நடந்தே போய்விட்டேன். மாவு மில்லுக்கு அடுத்த கதவு. மில் இரைச்சலில் பட்டறைக்குள் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

துளை போடும் மெஷினில் ஒரு அம்மாள். பெயர் ஹாஜிரா பீ. ஐம்பது தாண்டியிருக்கும். கணவர் பீர் முஹம்மதுவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனதும் இவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் எழுந்திருக்கவில்லை. கணவரின் வேலை அரம் போடுவதும், சரக்குக் கொண்டுபோவதும், மற்ற நேரமெல்லாம் பேசுவதும்.

என் அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஹாஜிரா பீ கேட்டார்: "இத்த வெச்சி ஓமப்பொடி புழிஞ்சீங்களா, கயிறு திரிச்சீங்களா?"

"டீச்சரம்மாவைப் போயி இன்னா கேக்குற" என்றார் கணவர். நான் டீச்சர் என்று சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கதவாண்ட நின்னு எல்லாரையும் ஒரு தபா எண்ணிப் பாத்தீங்களே, அதுலதான்."

ஹாஜிரா பீ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பித்தளை வில்லையில் முதலில் ஆணியால் புள்ளி குத்தியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் ஊசிபோன்ற துளைக்கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து கைப்பிடியை இழுக்கிறார். தூள் சுருள்சுருளாக மேலே வருகிறது. அதைத் தள்ள ஒரு பெயின்ட் பிரஷ். கம்பி சுற்றினாலும் சரி, மெஷின் நின்றிருந்தாலும் சரி, முதலில் பிரஷ்தான் போகிறது, கை பிறகுதான்.

"நின்னுகினுதானே கீது, கையாலயே தட்டேன்" என்று சீண்டினார் பீர் முஹம்மது.

"நீங்க தட்டிக்குங்க. எனக்குப் பத்து வெரலும் வேணும். பிரியாணி துன்னணும்."

செப்டம்பர் 13, வெள்ளி

என் வீட்டுக்காரர் கோதண்டபாணி சாப்பிடும்போது கேட்டார்: "அச்சு வாங்கப் போனியா, அங்க வேலைக்குச் சேர்ந்துட்டியா?" இந்த மனிதர் பணி ஓய்வுக்குப் பிறகு கிரிக்கெட்டை விட்டு எழுந்ததில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

என் அச்சு தயார். வாங்கிக்கொண்டு உடனே கிளம்ப முடியவில்லை. தி.நகர் பாத்திரக்கடையிலிருந்து ஒரு மூட்டை ஓமப்பொடி அச்சு அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. துளைகள் புள்ளியை விட்டு விலகி இரண்டு இரண்டாக ஒட்டியிருக்கின்றன. மாவு சேர்ந்து விழும். அந்தக் கடைதான் இவர்களுக்குப் பெரிய ஆதாரம். தீபாவளிச் சரக்கும் இப்படி வந்தால் இனிமேல் வேறு ஊரிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பீர் முஹம்மது மெஷினையே விற்றுவிடலாம் என்கிறார். "கண்ணு பூடுச்சு டீச்சரம்மா இவளுக்கு. ஒத்துக்க மாட்டேன்றா."

"கண்ணு நல்லாத்தான் கீது. இருட்டுதான் ஜாஸ்தியா பூடுச்சு" என்றார் ஹாஜிரா பீ.

போன மாதம்தான் கண் ஆஸ்பத்திரியில் பார்த்துப் புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார். கண்ணில் குறை எதுவும் இல்லையாம். அப்படியானால்? நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். உடனே புரிந்தது. எதிர்ச் சுவர் ஜன்னல் வழியாக முன்பு வெளிச்சம் வந்துகொண்டிருந்ததாம். பக்கத்தில் கட்டடம் எழும்பி அதை அடைத்துவிட்டது. மிச்சம் இருக்கும் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால். குனிந்தால் தலை நிழல் நேராக வில்லையின்மேல் விழுகிறது.

"தெருவிளக்குக்கு முதுகைக் காட்டிட்டுக் கோலம் போடுற மாதிரி. புள்ளி மேலயே நம்ம நிழல்" என்றேன்.

"அப்போ தலைய கழட்டி வெச்சிட்டுதான் வேலை செய்யணும்."

"அத்த எப்பவோ கழட்டிட்டே" என்றார் கணவர். ஹாஜிரா பீ பிரஷ்ஷால் அவர் கையில் ஒரு தட்டு தட்டினார்.

மெஷின் மேலேயே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

அவர்கள் என்னை விட வேகம். மகள் புஷ்ரா கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய குழாய் விளக்கு பரணில் இருந்ததாம். கயிறு மாதிரி வளையும், உள்ளே எல்.இ.டி. மணிகள், நேராகச் சுவர் பிளக்கில் சொருகுவது. பீர் முஹம்மது அதைச் சுருட்டி மெஷின் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். மாப்பிள்ளை தலைப்பாகை போல இருக்கிறது. போட்டதும் வில்லை தகதகவென்று மின்னியது. ஹாஜிரா பீ குனிந்தார். நிழல் இல்லை. "ஒவ்வொரு புள்ளியும் கண்ணு முழிச்சிப் பாக்குது" என்றார். நான் கை தட்டினேன். இது போதும் என்று டியூப்லைட்டை அணைத்துவிட்டார் அவர்.

நேற்றும் இன்றும் முறுக்கு அச்சு போட்டிருக்கிறார்கள். பெரிய துளை. ஒன்றுகூட விலகவில்லை.

செப்டம்பர் 21, சனி

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

இன்று ஹாஜிரா பீ ஓமப்பொடி அச்சு ஆரம்பித்தார். சின்னத் துளைக்கு மெஷின் வேகமாகச் சுற்ற வேண்டும் என்று பெல்ட்டை மேல் கப்பிக்கு மாற்றினார். நான் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தேன். நான்தான். அடுத்த வில்லை எடுக்க எழுந்தார். அவர் எழுந்தால் கணவர் சுவிட்சை அணைப்பது வழக்கம். இன்று கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், அணைக்கவில்லை. ஹாஜிரா பீ திரும்பி வந்தார். துளைக்கம்பி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நானும்தானே பார்த்தேன். நின்னுதான் இருந்தது. பள்ளம் பள்ளமாக, கம்பியின் முறுக்குக்கூடத் தெரிந்தது. மில் இரைச்சலில் மெஷின் சத்தம் எங்கே கேட்கப் போகிறது?

தூளைத் தட்டப் பிரஷ்ஷை நீட்டினார்.

படீரென்று ஒரு சத்தம். பிரஷ் சுவரில் போய் அடித்தது. மயிர் காற்றில் பறந்தது. அவர் கையைப் பார்த்தேன் — பத்தும் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பீர் முஹம்மது ஓடிவந்து மெஷினை நிறுத்தினார். குழாய் விளக்கைப் பிடுங்கி மூலையில் எறிந்தார். "போதும். நாளைக்கே ஆளைக் கூட்டியாந்து மெஷினைக் குடுத்துடறேன்" என்றார்.

அங்கே நின்னு கை தட்டினது நான். ஏன் தோணலை எனக்கு?

செப்டம்பர் 22, ஞாயிறு

மஹ்விஷ்ஷின் ஃபேன்! இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இதே நோட்டில் எழுதினேன். அந்த விளக்கும் விட்டுவிட்டுத்தான் எரிந்திருக்கிறது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் கம்பி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. ராட்டினத்தில் தம்பி. மெதுவான கப்பியில் அது தெரியவில்லை. வேகமான கப்பியில்தான் இரண்டும் பொருந்திவிட்டன. அணைத்து வைத்த டியூப்லைட் எரிந்திருந்தாலாவது கம்பி கொஞ்சம் மங்கலாகத் தெரிந்திருக்கும்.

நாளை போய்ச் சொல்ல வேண்டும். விற்பதற்கு முன்னால்.

செப்டம்பர் 23, திங்கள்

பட்டறை திறந்திருந்தது. மெஷின் இருந்தது. விலை பேச ஆள் சாயங்காலம் வருவதாக இருந்தார்.

ராட்டினத்தைச் சொன்னேன். பீர் முஹம்மது தலையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாண விளக்கை மெஷின்ல கட்டினேனே, எனக்கு இன்னா புத்தி."

ஹாஜிரா பீ என்ன சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். இனி விளக்கே வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "டீச்சரம்மா, தப்புப் பண்ணது அந்த வெளக்கு. வெளிச்சம் இன்னா பண்ணுச்சு? கண்ண மூடாத வெளக்கு கீதா, இல்லியா?"

இரண்டு நாளுக்கு முன் விரல் போகவிருந்த மனுஷி. அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் வரிசையாக நிறுத்தினாலும் இதை முன்வரிசையில் வைப்பேன்.

இருக்கிறது என்றேன். பேட்டரியிலோ அடாப்டரிலோ எரிகிற பன்னிரண்டு வோல்ட் பட்டை. அடாப்டர் நல்லதாக இருந்தால் மினுக்கவே மினுக்காது. பீர் முஹம்மது எழுந்து போய் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். கெட்டுப்போன இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் அதில் கிடந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். பன்னிரண்டு வோல்ட்.

சாயங்காலம் வருவதாக இருந்தவருக்கு ஹாஜிரா பீயே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னாராம். கணவரைக் கேட்கவில்லையாம்.

செப்டம்பர் 26, வியாழன்

பீர் முஹம்மதும் நானும் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்வந்தோம். எல்.இ.டி. பட்டையைச் சுருளிலிருந்து அளந்து வெட்டித் தருகிறார்கள், பூக்காரி முழம் போடுவது மாதிரி. "காருக்கா, சாமி படத்துக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "வூட்டுக்காரம்மாவுக்கு" என்றார் பீர் முஹம்மது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

பட்டறைக்கு வந்து ஒட்டினால் பத்து நிமிடத்தில் வாழைத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு. பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்து, காயவிட்டு, மறுபடி ஒட்டினோம். பீர் முஹம்மது வயரை பெல்ட் பக்கம் போகாமல் பின்புறமாகக் கட்டினார்.

இந்த முறை சோதிக்காமல் விடுவதாக இல்லை. விளக்கின் கீழ் என் பென்சிலை விசிறி மாதிரி ஆட்டினேன். ஒரே மங்கலான தீற்றலாகத்தான் தெரிந்தது. பிறகு மூலையில் கிடந்த குழாய் விளக்கைப் போட்டு அதன் கீழ் ஆட்டினேன். பத்துப் பன்னிரண்டு பென்சில்கள் தனித்தனியாக, சீப்புப் பல் மாதிரி நின்றன.

ஹாஜிரா பீ பென்சிலை என் கையிலிருந்து வாங்கி இரண்டின் கீழும் மாறி மாறி ஆட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம். "இத்தனூண்டு பென்சிலு உண்மைய சொல்லிடுதே" என்றார்.

பிறகு மெஷினை ஓட்டினார், வேகமான கப்பியில். கம்பி புகை மாதிரி மங்கலாகத் தெரிந்தது. சுற்றுவது சுற்றுவதாகவே தெரிந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

பித்தளையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று ஹாஜிரா பீ போன வாரம் சொல்லியிருந்தார். இன்று போனால், பால் பாக்கெட் உறையைக் கழுவி வெட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி பட்டையின்மேல் ஒட்டிவைத்திருக்கிறார். கூச்சம் போய், மேகம் மூடிய காலை மாதிரி ஒரு வெளிச்சம். பட்டையையும் இரண்டாக வெட்டி, நடுவே வயர் இணைத்து, இடமும் வலமுமாக ஒட்டியிருக்கிறார். ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து வெளிச்சம் துடைத்துவிடுகிறது. எங்கே வெட்டலாம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அதுலயே கத்திரிக்கோல் படம் போட்டு கீதே!"

நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அலுக்கவில்லை. பாட்டு தெரிந்தவர்கள் கச்சேரிக்குப் போகிறார்கள். எனக்கு இது.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. மார்க்கெட் தெருவில் முழங்கால் தண்ணீராம். பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லையாம். தீபாவளிச் சரக்கு பாதி முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார் பீர் முஹம்மது.

அக்டோபர் 19, சனி

சரக்கு தி.நகருக்குப் போய்விட்டது. ஹாஜிரா பீயின் டீ ஆறிக்கொண்டே இருந்தது, குடிக்கவில்லை. எனக்கும் ரிசல்ட் நாள் மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

கடையிலிருந்து பாராட்டும் இல்லை, புகாரும் இல்லை. பொங்கலுக்கு இடியாப்ப அச்சு வேண்டும், இதே மாதிரி துளையாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "இதே மாதிரி"யை பீர் முஹம்மது எனக்கு நான்கு தடவை சொல்லிக் காட்டினார். இப்போது தன் அரம் போடும் மேசைக்கும் ஒரு முழம் விளக்கு கேட்கிறாராம். "கண்ணு பூடுச்சா?" என்று கேட்டிருக்கிறார் ஹாஜிரா பீ.

அக்டோபர் 29, செவ்வாய்

வீட்டில் ஓமப்பொடி பிழிந்தேன். இழை இழையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தது. கோதண்டபாணி கிரிக்கெட்டை விட்டு எழுந்து வந்து அடுப்படியிலேயே நின்று தின்றார்.

ஒரு டப்பா பட்டறைக்கு எடுத்துப் போனேன். மெஷினுக்கு மேலே ஒரு ஆணியில் பழைய பிரஷ் தொங்குகிறது, மயிர் பாதி இல்லாமல். கையில் புதுப் பிரஷ். மெஷின் நின்றிருந்தது, விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது, கம்பி நிற்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அப்போதும் அவர் முதலில் பிரஷ்ஷைத்தான் நீட்டினார். பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு, ஓமப்பொடியை அள்ளினார். பத்து விரலாலும்.

இந்த நோட்டை என்றாவது யாராவது புரட்டினால் அவர்களுக்கு ஒன்று: சுற்றுகிற எந்த மெஷினுக்கும் விளக்கு மாட்டும் முன், அந்த விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள்.