கடைசிப் பதினைந்து நிமிடம்

டெல்லி,
ஞாயிறு.

நம் ஜெயாவின் அம்மாவுக்கு,

இது நானே என் கையால் எழுதும் கடிதம். நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணல்தான், ஆனால் எல்லாம் என்னுடையது. எழுபத்திரண்டு வயதில் வந்த இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்? போனை நீ எடுப்பதில்லை.

உன் அண்ணன் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் அந்த ஜப்பான் படத்தைப் புகழ்ந்தார்கள். "நானும் பார்த்தேன், அதில் வரும் மீன்காரன் கடைசியில் செத்துப்போகிறான்" என்றேன். "மாப்ளே, எந்தத் தியேட்டர்ல செத்தான்?" என்று உன் அண்ணன் கேட்டதும் கூடமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. என் பொய்யைப் பொறுக்காமல் மறுநாளே ஜெயாவோடு சென்னைக்குப் போய்விட்டாய். ஏழு மாதம்.

உலகம் புகழ்கிற ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை. கீழே ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு என்ன புரியும்?

இப்போது எதிர்வீட்டுக் காமாக்ஷி டீச்சரிடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் பேத்தி மேதா அதே படத்தைத் தமிழ் எழுத்தோடு போட்டுக் கொடுத்தாள். பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒரு வரியை நான் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. நிறுத்தச் சொன்னால், "ஜல்தி படிங்கோ தாத்தா, எனக்கு டியூஷன் இருக்கு" என்கிறாள். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறு நாள்! ரிமோட்டை வீசியெறியலாம் போலிருக்கிறது.

இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி. மீன்காரன் புயலில் மாட்டியிருக்கிறான். சாகமாட்டான் என்று தெரியும். எப்படிப் பிழைக்கிறான் என்று தெரியாது. அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ எனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, நான் படித்து முடிக்கும்வரை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
இனிமேல் பார்த்ததை மட்டும் பார்த்தேன் என்று சொல்லப்போகிற
உன் வீட்டுக்காரன்