நூறு பேரில் ஒருவர்

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு மேலே போக இந்த முறை முடியவில்லை. நீ நலமா என்று கேட்பதும் வெறும் பேச்சுக்காக இல்லை.

உன் தங்கைக்கு இரண்டு வருஷமாகச் சோர்வு, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை என்று மாறி மாறி வந்ததே, "படிக்கச் சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல" என்று நான்கூடத் திட்டினேனே, அது சீலியாக் நோயாம். கோதுமை அவள் குடலுக்கு ஆகாது, குடலையே அரித்துவிடுமாம். இருபத்தாறு வருஷமாக பேக்கரியில் மாவு பிசைகிறவனின் மகளுக்கு! இளைத்துப் போகிறாளே என்று தினமும் ஒரு ரொட்டியைக் கூடுதலாகத் திணித்தவன் நான்தான். இதை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர், "இது அபூர்வமான வியாதி இல்லைங்க, நூறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம், அதுல பாதிக்கு மேல தனக்கு இருக்கிறதே தெரியாம நடமாடுறாங்க" என்றார். மறுநாள் கடையில் வந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன். தபால்காரர், தையற்கார அம்மா, எப்போதும் வயிறு உப்புசம் என்று புலம்பும் கணக்கு வாத்தியார். இவர்களில் யார் அந்த ஒருவர்? நாற்பதுக்கு மேல் எண்ண மனசு வரவில்லை, ஆனால் வாத்தியாரிடம் மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்காரனே ரொட்டி மேல் சந்தேகப்படுவதா என்று சிரிக்கிறார்.

பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் என்றால் பத்தில் ஒருவருக்கு வரலாமாம். அதனால் நானும் அம்மாவும் ரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தும் உறுதி செய்துவிட்டார்கள். ஒரு நாள் ஒரு வலி இருந்திருக்குமா எனக்கு! தங்கையிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். சோம்பேறி என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். சரிதான், அது அவள் உரிமை. கடையை விடவில்லை. மாவுத்தூள் வாய்க்குள் போகாமல் முகமூடி கட்டிக்கொண்டு பிசைகிறேன், அங்கேயே குளித்து உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வருகிறேன். சுட்டதை அம்மாதான் ருசி பார்த்து, "உப்பு தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்கிறாள், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

நீயும் இந்த வாரமே பரிசோதனை செய்துகொள். பயந்துபோய் ரொட்டியை இப்போதே நிறுத்திவிடாதே, நிறுத்தினால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். எனக்கு ஒன்றுமில்லை என்பாய். நானும் அதைத்தான் சொன்னேன்.

நோய் இல்லாமல் இரு, இருந்தால் தெரிந்துகொண்டு இரு, எப்படியும் நெடுங்காலம் நன்றாக இரு.

உன் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும்
அப்பா