மூன்றாம் தரம் வந்த சிவப்புப் பூ

நாகலூர்,
புதன்கிழமை

அன்புக் கண்ணு சசிரேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மேலுக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் நீ சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார், அவர் விரலும் சேர்ந்து விழுந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கிறது. காலையில் பனிமூட்டம் விலகுவதற்குள் காட்டெருமை ஒன்று செடிகளுக்கு நடுவில் வந்து நின்றுகொள்கிறது, அது மனசு வைத்து நகர்ந்தால்தான் எங்களுக்கு வேலை. இதுக்கும் ஆஜர் போட்டுரட்டுமா என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி ஜீப் ஓட்டுகிறார், மருந்து தடவச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பார்வதி உன்னை விசாரித்தாள். ஏனுங்கக்கா, அந்தப் பேசற ஏஐ கம்ப்யூட்டரு தப்புத்தண்டா பண்ணாமப் பாத்துக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை கணக்கு, நாலு கேள்வி கேட்டுப் பாத்தாத் தெரியாதுங்களா என்றாள். நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். அது நன்றாகப் பேசுகிறதே என்று நம்பிவிட முடியாது, கேட்கிறவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லியே பழகியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் எங்கள் பிள்ளை கணக்குப் படிக்கிறாள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கும் அதற்கு மேல் புரிந்திருக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது கணக்குப் பரீட்சையில் பெயிலாகிவிட்டேன், பெங்களூர் ஆபீசில் பழைய வேலைக்கே கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, நீ சொல்கிறபடி செய்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இவ்வளவு பெரிய பாரத்தை என் தலையில் ஏற்றினால் நான் எங்கே போவேன், நேற்று கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளை வந்தால் நீ அங்கேயே படிப்பது, சிவப்பு வந்தால் திரும்பி வருவது. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்து, பூசாரி மாதப்பனை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. சரியாக வேண்டிக்கொள்ளவில்லை, இன்னொரு தரம் எடுங்கள் என்றேன். மறுபடியும் வெள்ளை. நடுவில் யாரோ தும்மினார்கள், அது கணக்கில்லை என்றேன். மூன்றாம் தரம் சிவப்பு வந்ததும் விழுந்து கும்பிட்டுவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்து, அம்மனே உத்தரவு கொடுத்துவிட்டாள், பிள்ளை வரப்போகிறாள் என்று அப்பாவிடம் சொல்லி, உன் அறையைக்கூடக் கூட்டிப் பெருக்கிவிட்டேன்.

மாதப்பன் வாய் சும்மா இருக்குமா, சாயங்காலம் டீக்கடையில் எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டிவிட்டார். அப்பா வாசலிலேயே நின்று அப்படிச் சிரித்தார். ஏம்புள்ள, வேணுங்கற பூ வர்ற வரைக்கும் கேட்டா அம்மனும் என்னதான் பண்ணும், கேக்கறவங்களுக்குப் புடிச்சதைச் சொல்லி மிசினு பழகிக்குதுன்னு உன்ர மக சொன்னாளே, நீ சாமியவே அப்படிப் பழக்கிப்போட்டியே என்றார். எனக்கு நொம்பக் கோபம், ராத்திரி உப்பில்லாமல் ரசம் ஊற்றினேன். மனுசன் அதையும் சிரித்துக்கொண்டே குடித்தார். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நீ படிக்கிற படிப்பு எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முதலில் வந்த பூதான் வாக்கு என்கிறார் அப்பா. பூ இருக்கட்டும் கண்ணு, நான் என் வாயாலேயே சொல்கிறேன். எனக்கு நீ பக்கத்தில் வேண்டும். பெங்களூர் என்றால் மாசத்துக்கு ஒரு தரமாவது உன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசை, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அம்மன் மேல் போட்டேன். என் ஆசைக்காக நீ வர வேண்டாம். பெயிலாகிவிட்டேன் என்றுதான் சொன்னாயே தவிர, அந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்று நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எங்கே தப்பு வந்தது என்று வாத்தியாரைக் கூச்சமில்லாமல் கேட்டு மறுபடி எழுது. வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு உட்காராமல் சோறு பொங்கிச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை.

எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அந்த ஆபீசுக்கு வரமுடியாது என்று நாளைக்கே எழுதிவிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்துக்கொண்டு மறுபடி என்னைக் கேட்காதே. இன்னொரு தரம் கேட்டால் வந்துவிடு கண்ணு என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
கா. வேலம்மாள்