எண்ணாமல் எழுதிய நாடித்துடிப்பு

செல்லக் கழுதைக்கு,

இன்று எழுந்ததும் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு நிமிடம் முழுதாக நாடித்துடிப்பை எண்ணினேன். “என்ன, ஜோசியம் பார்க்கிறியா?” என்றார்.

நர்சிங் கல்லூரியில் உன்னை இரண்டு வாரம் வார்டுக்கு வரவேண்டாம் என்றதை அவரிடம் சொல்லிவிட்டேன். நோயாளி தூங்குகிறாரே என்று, எண்ணாமலே நீ எண்பது என எழுதியது யாருக்கும் தெரிந்திருக்காது. நீயே போய் ஆசிரியையிடம் சொன்னாய். “பைத்தியமாடி உனக்கு? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?” என்று போனில் கத்தினேன். “அடுத்த நர்ஸ் அதை நம்பித்தானேம்மா மருந்து கொடுப்பாங்க?” என்றாய். அதிலிருந்து உன்னை நினைத்தால் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளிக்கிழமை நானும் குளோரின் அளவைப் பார்க்காமலே பதிவேட்டில் எழுதினேன். வேலை போனாலும் போகலாம். நாளை அலுவலகம் திறந்ததும் பொறியாளரிடம் சொல்லப்போகிறேன். அப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

அம்மா