நீர் ஏற்றுக்கொண்ட புத்தகம்

இன்று காலை குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பு புகைந்தது. மருமகள் யன்னலைத் திறப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால் என்றுதான் அவளிடம் சொன்னேன். உண்மையில், போன மாதம் போய்ச் சேர்ந்த நண்பரே, நீர்தான் நினைவில் வந்திருந்தீர்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நாம் இருவரும் சீனன்குடா விமானத்தளக் களஞ்சியத்தில் கிளாக்கர்கள். நீர் கிண்ணியாவிலிருந்து தோணியில் வருவீர். வெள்ளைக்கார விமானப்படைக்காரர் ஒருவர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் உம்மிடம் இருந்தது. அதில் ஒரு ஜெர்மன் பௌதிகப் பேராசிரியரின் வாழ்க்கையும் ஆராய்ச்சியும். சோற்றுப் பொதியை அவிழ்த்தால் அவரைப் பற்றித்தான் கதை.

“பழுக்கக் காய்ச்சின இரும்பு ஏன் முதலில சிவக்குது, ஐசே? அந்த மனிசன் அதைத்தான் யோசிச்சவர். சூடும் வெளிச்சமும் தண்ணி மாதிரி ஒழுகி வாறயில்லையாம். துணுக்குத் துணுக்காத்தான் வருகுதாம்.”

எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் உமது முகத்தைப் பார்த்தபோது வாசிக்க ஆசை வந்தது. ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டேன்.

அந்த வாரம்தான் களஞ்சிய வாசலில் திடீர்ச் சோதனை. அதிகாரி என் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் எதிரி நாட்டுக்காரரின் படம். ஓரங்களெல்லாம் உமது பென்சில் கணக்குகள். இரகசியக் குறியீடோ என்று சந்தேகப்பட்டு, யாருடையது என்று அதட்டினார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். கல்யாணமாகாத மூன்று தங்கைகள். எனக்குத் தெரியாது, யாரோ என் பைக்குள் வைத்துவிட்டார்கள் என்றேன்.

வரிசையில் பின்னால் நின்ற நீர் முன்னுக்கு வந்து, “அது என்னுடையது” என்றீர். அதோடு விடவில்லை. இரும்பு சிவக்கும் விஷயத்தை அந்த அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கவும் தொடங்கினீர்! மூன்று நாள் மறித்து வைத்திருந்து, பாஸைப் பறித்துக்கொண்டு உம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உமது வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றேன். நீர் கதிரையை இழுத்துப் போட்டு, “எந்தப் பக்கம் வரைக்கும் வாசிச்சீர்?” என்று கேட்டீர்.

“பேராசிரியருக்குத் தன்ர முடிவிலேயே நம்பிக்கை இல்லாமல் போற இடம் வரைக்கும்.”

“ஐயோ, அதுக்குப் பிறகுதானே விசயமே இருக்கு!” மீதியை நினைவிலிருந்தே சொன்னீர். தான் கண்டுபிடித்ததைப் பழைய பௌதிகத்துக்குள் அடக்கிவிட அவர் வருடக்கணக்காய்ப் பாடுபட்டாராம்; ஏலாமற் போனபின்தான் ஒத்துக்கொண்டாராம். நான் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நீர் எனக்கு இடமே வைக்கவில்லை.

சில வாரங்களில் ஜப்பான் விமானங்கள் வந்தன. எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது. காதடைத்து, உடம்பெல்லாம் கரியோடு கரையோரம் குந்தியிருந்தேன். ஊர்ச்சனம் முழுக்க வெளியே ஓடிக்கொண்டிருக்க, அந்தப் புகைக்குள் ஒரு மீன்பிடித் தோணி வந்தது. நீர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தீர்.

“உமக்கென்ன விசரா? ஏன் வந்தனீர்?” என்று கத்தினேன்.

“உயிரோட இருக்கிறீரோ எண்டு பார்க்க வந்தனான்,” என்றீர். பிறகு என்னைத் தோளில் சாய்த்துத் தோணியில் ஏற்றினீர்.

அதற்குப் பிறகு நீர் வாத்தியாரானீர். நான் பேரப்பிள்ளைகள் கண்டேன். அந்த வாசல் சோதனையைப் பற்றி மட்டும் நாம் ஒருநாளும் கதைக்கவில்லை.

போன மாதம் உம்மை அடக்கம் செய்த பிறகு, உமது மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “வாப்பாட கவனக்குறைவாலதான் சீனன்குடா வேலை போனதாம், என்ன மாமா?” என்று கேட்டாள். “இல்லை பிள்ளை. புத்தகம் என்ர பைக்குள்ள இருந்தது. எனக்குத் தெரியாதெண்டு பொய் சொன்னவன் நான்,” என்றேன்.

அவள் மெல்லச் சொன்னாள்: “வாப்பா அதைச் சொன்னதே இல்லை, மாமா. குண்டு போட்ட அண்டைக்குத் தேடிப் போக எனக்கொரு ஆள் இருந்தது எண்டுதான் சொல்லுவார்.”

அந்த ஆள் நான். இனி இருக்கிற நாளெல்லாம் உமது அந்தச் சொல்லைத்தான் சுமந்துகொண்டு இருப்பேன்.