ஓவனுக்குள் நுழையாத குக்கி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி, அதை விட்டுவிடு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கோழி கிளறின மாதிரி இருக்கும் இந்த எழுத்தை ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் தம்பி போனில் வேறு கதை சொல்வான். நான், உன் தம்பி, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா, கூப்பிடாமலே வந்து நின்ற மாடி வீட்டு நர்ஸ். அந்தப் பெண் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், கெட்டிக்காரி.

உன் தம்பிக்கு நாற்பது ஆகப்போகிறது, இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது உனக்கே தெரியும். இரண்டுக்கும் என் வாய்தான் காரணம் என்கிறான், நானும் இல்லை என்று சொல்லவில்லை. முதலில் வந்த பெண்ணின் அம்மாவிடம் பல்லெல்லாம் சொந்தப் பல்லா என்று கேட்டேன், வரிசையாக அழகாக இருந்ததால்தான் கேட்டேன். இரண்டாவது பெண்ணின் அப்பாவிடம், உங்கள் அண்ணன் ஒரு கல்யாணத்தில் என்னை நிற்கவைத்துவிட்டு பக்கத்து நாற்காலியில் தன் பையை உட்காரவைத்திருந்தார் என்று ஞாபகப்படுத்தினேன். உள்ளதைத்தான் சொன்னேன், பையின் நிறத்தையும் சொன்னேன், அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. அதனால் சனிக்கிழமை உன் தம்பி என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, அம்மா, நாளைக்கு யார் என்ன செஞ்சாலும் நீ ஒண்ணும் சொல்லாத, இதுவும் நின்னு போச்சுன்னா இன்னொரு தடவைக்கு எனக்குத் தெம்பில்ல என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், மெதுவாகச் சொன்னான். சரிடா, நாளைக்கு நான் ஊமை என்று சொல்லிவிட்டேன்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் விசாரிப்பது அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காதாம். எல்லாரும் சேர்ந்து எதையாவது செய்யலாம், கைக்கு வேலை இருந்தா வாய் தன்னால பேசும் என்றாளாம், என் வாயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். ஒரு ட்ரே நிறைய ஒரே குக்கி, மேலே ஆளுக்கு ஒரு பக்கம் அலங்காரம், சுட்டு எடுத்து க்ரீம் பூசி வெட்டிச் சாப்பிடுவது, இதுதான் ஏற்பாடு. வெண்ணெயையும் சர்க்கரையையும் அவள் குழைத்தாள், மாவை நர்ஸ் கொட்டினாள், பாதி மாவு தரையில், நான் ஒரு கிராம்பை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் உன் தம்பி பரணிலிருந்து ட்ரேயை இறக்கினான். உன் அப்பா வேலை பார்த்த கேன்டீனை மூடியபோது தூக்கிக்கொண்டு வந்தாரே அதே ட்ரே, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னையே அதில் படுக்கவைத்திருக்கிறேன். நம் ஓவனோ ஒரு கோழி நிமிர்ந்து உட்கார முடியாத ஓவன். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நுழையாது. தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் வந்த அன்றைக்கே கிழவி குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று ஆகிவிடுமே என்று இன்னொரு கிராம்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மாவைப் பரப்பினோம். டிரைவர் சாக்லேட் துண்டுகளை அடுக்கி வளைவு நெளிவாக ஒரு மலைப்பாதை போட்டார், நேர்த்தியாக இருந்தது. உன் தம்பியும் அந்தப் பெண்ணும் தலையோடு தலை முட்டிக்கொண்டு முந்திரியில் என்னவோ செய்தார்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, இரண்டு தடவைதான் பார்த்தேன். நான் என் பங்குக்குக் கலர் மிட்டாயில் மயில் செய்தேன், கழுத்தெல்லாம் வைத்து. நர்ஸ் எட்டிப் பார்த்து, யாரோட செருப்பும்மா இது என்றாள். அதற்கும் பேசவில்லை, வாயெல்லாம் கிராம்பு எரிச்சல். பிறகு உன் தம்பி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய் ஓவனில் வைத்தான். நேராக வைத்தான், குறுக்காக வைத்தான், சாய்த்துப் பார்த்தான், முந்திரிதான் உருண்டு ஓடியது. கடைசியில் டிரைவர்தான் இருமிக்கொண்டு, வண்டி நுழையாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி, போற இடத்துல ஒண்ணும் பேசாதன்னு மக சொல்லியிருந்தா என்றார். எனக்குந்தான் தெரியும், அம்மாதான் என்னை வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க என்றாள் நர்ஸ், வாசலிலேயே அவளிடம் அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தப் பெண், எனக்கும் தெரிஞ்சுது, ஆனா அத்தைகிட்ட எதுத்து ஒரு வார்த்தை பேசாதன்னு இவருதான் சொன்னாரு என்று உன் தம்பியைக் காட்டினாள். ஆக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, இந்த ஊமைக் கூத்தை ஆரம்பித்துவைத்த உன் தம்பிக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நாலாக வெட்டித் தனித்தனியாகச் சுடலாம் என்றாள் நர்ஸ். உன் தம்பி முகம் விழுந்துவிட்டது, சேர்ந்து செய்ததை அன்றைக்கே துண்டு போடுவதா என்று நினைத்திருப்பான், எனக்கும் என்னவோ போல் இருந்தது. மீதி இருந்த ஒரே வழி எதிர்த்த பேக்கரி. அந்த பேக்கரிக்காரனோடு எனக்குப் பேச்சு இல்லை. கடை நிறைய ஆள் இருக்கும்போது, இந்தம்மா பத்து ரொட்டிய அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணுகூட வாங்காமப் போவாங்க என்று சொன்னவன். பத்து இல்லை, நாலு. அன்றைக்கு அவன் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை, அதையும் நான் மறக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் ரொட்டி வாங்குகிறேன், வீம்புக்கு நடந்தே முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து ட்ரேயைத் தெருவுக்குக் கொண்டு வந்தோம், டிரைவர் பின்னால் நடந்தபடி, லெப்ட்ல வா, இன்னும் லெப்ட்ல, ஆ போதும் போதும் என்று வழி சொன்னார், பால்கனியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பேக்கரிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, வைக்கிறேன், ஆனா அந்தம்மா வாயால கேக்கட்டும் என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேசாதே என்று கெஞ்சிய உன் தம்பி இப்போது பேசும்மா என்று கண்ணால் கெஞ்சினான். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. நாலு ரொட்டி அமுக்கினேன், நாலும் கல்லு, இப்ப இதை உள்ள வை என்றேன். அவன் கட்டிய கையை அவிழ்த்தான். முந்தின நாள் ரொட்டிதாம்மா அது என்று சொல்லிவிட்டு ட்ரேயை உள்ளே தள்ளினான்.

திறந்த வாய் பிறகு மூடுமா. அது வேகிற நேரம் முழுக்க, நாற்காலிப் பையிலிருந்து உன் சித்தி திருப்பித் தராத குடை வரைக்கும் எல்லாருடைய குறையையும் டிரைவரிடம் கொட்டிவிட்டேன், நர்ஸ் என்னைக் கிள்ளியது வலித்தபோதுதான் சுயநினைவு வந்தது. உன் தம்பி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, மூன்றாவதையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். குக்கி பொன்னிறமாக வந்தது, ரொட்டி மேசையிலேயே வைத்து க்ரீம் பூசினோம். அந்தப் பெண் முதல் துண்டை வெட்டி என் கையில் கொடுத்து, ஏன் அத்தை, இவ்வளவு பேரச் சொன்னீங்க, என்மேல ஒரு குறையும் இல்லயா, நான் இன்னும் வெளி ஆளுதானா என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள். நான் உன் தம்பியைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பேன். ஏன் இல்ல, ஊரார் கண்ணையெல்லாம் பாக்குறவ நீ, அது நுழையாதுன்னு தெரிஞ்சும் இந்த முழங்காலோட பச்சை மாவத் தூக்கிட்டு என்னைத் தெருவுல நடக்க விட்டியே, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன் என்றேன். அவள் உன் தம்பி பக்கம் திரும்பி, அப்ப நான் இங்கதான் இருக்கணும், இல்லன்னா அத்தை யார்கிட்ட சொல்லிக் காட்டுவாங்க என்றாள். டிரைவர் க்ரீம் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கெல்லாம் க்ரீம். உன் தம்பி மூன்று துண்டு சாப்பிட்டான்.

லீவுக்கு இப்போதே சொல்லிவை, நீ இல்லாமல் கல்யாணத்தை நடத்த மாட்டேன். பேத்திகள் ஈரத் தலையோடு வெளியே போகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், கண்டித்து வை. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நான் பார்த்துப் பொறாமைப்படும்படி நன்றாக இருங்கள். உன் தம்பியை அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அவனுக்கு அதற்குமேல் மூளை கிடையாது. செருப்பு என்று சொன்ன நர்ஸைக்கூட நேற்று விட்டுவிட்டேன், ஊசி போட வந்தாள், வேறு வழியில்லை. ஒருத்தியை மட்டும் என்ன ஆனாலும் மன்னிக்கப் போவதில்லை, என் மருமகளை.

இப்படிக்கு,
உன் அம்மா