மாப்பிள்ளை இலையில் இறக்கை

ஞாயிறு, இரவு.

புது மாப்பிள்ளைக்கு இன்று முதல் கறிவிருந்து. புதுசாக எதையாவது செய்து அசத்தலாம் என்று கோழி இறக்கைகளை மட்டும் வாங்கினேன். வீடியோவில் பார்த்தபடி, மிளகாயும் பூண்டும் தூக்கலான கேஜன் என்ற அமெரிக்க மசாலாவைப் பூசி மொறுமொறுவென்று பொரித்தேன். அடுப்படியிலேயே நான் இரண்டைத் தின்றுவிட்டேன். அவ்வளவு ருசி.

தன் மகனின் இலையைப் பார்த்த சம்பந்தி, "இந்தக் கோழிக்குக் காலே இல்லீங்களா?" என்றார். மாப்பிள்ளைக்குத் தொடைக்கறி வைக்க வேண்டும் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கு எப்படி மறந்தது? பாவம், மாப்பிள்ளை மட்டும் "நல்லாருக்கு அத்தை" என்று எலும்புவரை சப்பினார்.

சற்றுமுன் திருமயத்தில் புகுந்த வீட்டிலிருந்து மகள் போன் செய்தாள். "வர்ற வழியில மாமா ஓட்டல்ல கார நிறுத்தச் சொன்னாரும்மா. லெக் பீஸ் வாங்கி இவரு எலையில வச்சாரு. எனக்கும் ஒண்ணு வச்சாரு."

அதைச் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.